கப்பல் நிற்கும் ஒன்பது மணி நேரத்தில் மொண்டேவிடியோவை எப்படிப் பார்ப்பது?

புவெனஸ் ஐரிஸில் ஏறி ரியோ டி ஜெனீரோவில் இறங்கும் சொகுசுக் கப்பல் பயணத்தில் உருகுவேயின் தலைநகரான மொண்டேவிடியோவில் ஒரே ஒரு பகல், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, கப்பல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்கால் வலியுள்ள அப்பா, சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மா, கால்பந்துப் பித்துள்ள பன்னிரண்டு வயது மகன் ஆகியோரை அழைத்துக்கொண்டு இறங்கும்போது, கொலோனியாவுக்கோ புன்டா டெல் எஸ்டேவுக்கோ போய்வரும் சுற்றுலாவைக் கப்பலிலேயே பதிவு செய்வதா, நகரத்திலேயே இருந்துவிடுவதா என்பது உங்கள் கேள்வி. நான் அந்த ஊரில் ஐந்தாண்டுகள் வேலை பார்த்தவன். பழைய நகரத்தில், துறைமுகத்தின் சங்கொலி கேட்கும் தொலைவில் குடியிருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நகரத்தை விட்டு எங்கும் போகாதீர்கள். நகரத்துக்குள்ளும் மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்ட வேண்டியதில்லை, உங்கள் மகனுக்காக ஓர் இடத்தைத் தவிர.

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிடுவோம். எட்டு மணிக்குக் கப்பல் கட்டப்பட்டாலும், துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்துப் பயணிகள் இறங்கத் தொடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கூட்டம் குறைந்து பெரியவர்களோடு நீங்கள் தரையில் கால்வைக்கும்போது எட்டே முக்காலாவது ஆகிவிடும். ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலில் நாலரைக்குள்ளோ, சில கப்பல்களில் நான்கு மணிக்குள்ளோ, எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். ஆக, கையில் இருப்பது ஏழு மணி நேரம். கொலோனியா டெல் சாக்ரமென்டோ 1680இல் போர்ச்சுகீசியர் நிறுவிய அழகான சிற்றூர். 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் இருக்கிறது. ஆனால் அது மொண்டேவிடியோவிலிருந்து ஏறத்தாழ 175 கிலோமீட்டர் மேற்கே இருப்பதால், போகவும் வரவும் ஐந்து மணி நேரம் பேருந்தில் கழிந்துவிடும். புன்டா டெல் எஸ்டே கிழக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கே மணலிலிருந்து விரல்கள் முளைத்தது போன்ற ஒரு சிற்பமும் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களும் கடற்கரையும் இருக்கின்றன. கடலில் குளித்து ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு அது நல்ல ஊர்தான். ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காக நான்கு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருப்பது உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு நல்லதன்று.

நகரத்திலேயே இருங்கள் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்னமெரிக்காவில் கப்பல் நிற்கும் பல துறைமுகங்களிலிருந்து ஊர் தள்ளியே இருக்கிறது. பெருவின் கயாவோவில் இறங்கினால் லிமாவின் மையத்துக்கு நெரிசலில் ஊர்ந்து போக வேண்டும். பிரேசிலின் சான்டோஸில் இறங்கினால் சாவ் பாவ்லோ மலைச்சரிவுக்கு மேலே, தொலைவில் இருக்கிறது. மொண்டேவிடியோவில் துறைமுக வாயிலைக் கடந்து ஒரு தெருவைத் தாண்டினால் பழைய நகரம். இந்த நகரம் துறைமுகத்துக்காகவே பிறந்தது. ரியோ டி லா பிளாட்டா ஆற்றின் வடகரையில் போர்ச்சுகீசியர் மேலும் மேலும் ஊன்றிவிடக் கூடாது என்பதற்காக, புவெனஸ் ஐரிஸின் ஸ்பானிய ஆளுநர் புரூனோ மௌரிசியோ டி சபாலா, 1724க்கும் 1726க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், இந்த விரிகுடாவின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தீபகற்பத்தில் ஊரை நிறுவினார். 1726இல் கனேரித் தீவுகளிலிருந்து குடியேறிகள் வந்து சேர்ந்தனர். அந்தத் தீபகற்பமே இன்றைய பழைய நகரம். அதன் ஒரு முனையில் உங்கள் கப்பல் நிற்கும். மறுமுனையில் விடுதலைச் சதுக்கம் இருக்கும். இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்தான்.

இறங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. பழம், தேன், இறைச்சி, பால் பொருள் எதையும் கப்பலிலிருந்து எடுத்து வராதீர்கள். கால்நடையையும் வேளாண்மையையும் நம்பி வாழும் நாடு என்பதால் உருகுவே இதில் மிகவும் கண்டிப்பானது. காலைச் சிற்றுண்டியில் கிடைத்த ஆப்பிளை அம்மா பைக்குள் போட்டு வைத்திருந்தாலும் வாயிலில் வாங்கிவிடுவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு என்றால், ஒரு பகல் மட்டும் இறங்குவதற்கும் விசா வேண்டுமா என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு வந்த பிறகு எவராலும் இதற்கு வழிசெய்ய முடியாது. புவெனஸ் ஐரிஸ், மொண்டேவிடியோ, ரியோ மூன்றிலும் ஒரே நேரம்தான் என்பதால் கடிகாரத்தைத் திருப்பும் குழப்பம் இல்லை. டாலரைப் பழைய நகரத்தில் பல கடைகள் வாங்கிக்கொள்ளும், அட்டையும் செல்லும். இருந்தாலும் சதுக்கத்துச் சிறு வியாபாரிகளுக்காகக் கொஞ்சம் உருகுவே பெசோவை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் வெயிலைக் காட்டிலும் காற்றைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. தென்மேற்கிலிருந்து பம்பேரோ என்னும் குளிர்காற்று திடீரென்று இறங்கினால் ஜனவரியிலும் மேல்சட்டை தேவைப்படும்.

வாயிலை நோக்கி நடக்கும்போதே, துறைமுகப் பகுதிக்குள் பெரிய நங்கூரம் ஒன்றும், கப்பல் பீரங்கிகளுக்குத் தூரம் அளக்கப் பயன்பட்ட கருவி ஒன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அவற்றைப் படமெடுக்கக்கூட நிற்காமல் போகிறவர்களே அதிகம். அவை ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே போர்க்கப்பலுக்குரியவை. இரண்டாம் உலகப் போரின்போது, 1939 டிசம்பர் 13 அன்று, இந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே எக்சிடர், அஜாக்ஸ், அக்கிலிஸ் என்ற மூன்று பிரிட்டிஷ் தரப்புப் போர்க்கப்பல்களோடு மோதி அடிபட்ட கிராஃப் ஸ்பே, பழுது பார்ப்பதற்காக நடுநிலை நாடான உருகுவேயின் இந்தத் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. அரசு 72 மணி நேரம் மட்டுமே அனுமதி கொடுத்தது. வெளியே பெரும்படை காத்திருக்கிறது என்று நம்பிய தலைவர் ஹான்ஸ் லாங்ஸ்டார்ஃப், 17ஆம் தேதி மாலை, கரையெங்கும் மக்கள் திரண்டு பார்த்துக்கொண்டிருக்க, கப்பலை வெளியே கொண்டுபோய்த் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். சில நாட்களில் புவெனஸ் ஐரிஸில் தன்னையே சுட்டுக்கொண்டார். அவருடைய மாலுமிகளுக்கு ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் முடிந்த அந்த முடிவைப் பற்றி இந்த ஊர் முதியவர்கள் இன்றும் மரியாதையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அந்த மூன்றில் ஒன்றான அக்கிலிஸ்தான் 1948இல் இந்தியக் கடற்படைக்கு விற்கப்பட்டு டெல்லி என்ற பெயரில் முப்பதாண்டுகள் பணியாற்றியது. இந்தச் சண்டையைப் பற்றி 1956இல் வெளிவந்த திரைப்படத்தில் அந்தக் கப்பல் தன்னுடைய வேடத்தில் தானே தோன்றியது. உங்கள் மகனுக்கு நங்கூரத்தின் அருகில் நின்று இதைச் சொல்லுங்கள்.

வாயிலைத் தாண்டியதும் எதிரே தெரியும் இரும்புக் கூரைக் கட்டடம் துறைமுகச் சந்தை. அதற்குள் இப்போது போகாதீர்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே என் திட்டம். காலையில் அங்கே அடுப்புகூட மூட்டியிருக்க மாட்டார்கள். கப்பலுக்கு மிக அருகில் இருக்கும் இடத்தைக் கடைசியாக வைத்தால், சாப்பாட்டில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டாலும் ஆபத்தில்லை. தனியாக ஊர்சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்பதை மனத்தில் வைத்து வகுத்த வரிசை இது.

சந்தையின் பக்கத்திலிருந்து மேலேறும் பெரெஸ் காஸ்டெல்லானோ தெருவில் வண்டிகள் வராது. மெல்லிய ஏற்றம்தான், அப்பா நிதானமாக நடக்கலாம். ஆனால் மொண்டேவிடியோவின் நடைபாதைக் கற்கள் பல இடங்களில் பெயர்ந்து ஆடும். மழை பெய்த மறுநாள் அப்படிப்பட்ட கல்லின் ஓரத்தில் கால்வைத்தால் அடியில் தேங்கிய நீர் பீய்ச்சி அடித்து முழங்கால் வரை நனைத்துவிடும். அவருக்குக் கைத்தடி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். தெரு முடிவில் இடப்பக்கம் திரும்பினால் சரண்டி என்ற நடைத்தெரு தொடங்குகிறது. அது நேராக விடுதலைச் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். பகலில் இந்த இரண்டு தெருக்களிலும் கூட்டமும் காவலர்களும் இருப்பார்கள். இவற்றிலிருந்து தெற்கே இறங்கும் சிறு சந்துகளில் ஆள்நடமாட்டம் குறைந்ததும் கழுத்துச் சங்கிலி, கைப்பேசி, ஒளிப்படக் கருவி பறிபோவதுண்டு. அம்மாவின் தங்க நகைகளைக் கப்பல் அறையின் பெட்டகத்திலேயே வைத்துவிடுங்கள்.

நடக்கும்போது மக்களைப் பாருங்கள். இந்த ஊரில் பத்தில் நான்கு பேராவது இடக்கக்கத்தில் ஒரு வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு, அதே கையில் சுரைக்குடுக்கை போன்ற ஒரு சிறு பாத்திரத்தை ஏந்தியிருப்பார்கள். அது மாத்தே. எர்பா என்ற இலைத்தூளைக் குடுக்கையின் முக்கால் பாகம் நிரப்பி, ஒரு பக்கமாகச் சரித்து, காலியான பக்கத்தில் வெந்நீரைச் சிறிது சிறிதாக விட்டு, அடியில் சல்லடை வைத்த உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். நீர் கொதித்திருக்கக் கூடாது. கொதித்தால் இலை கருகிக் கசக்கும் என்பார்கள். பேருந்து நிறுத்தத்தில், வங்கி வரிசையில், பல்கலைக்கழக வகுப்பில், எங்கும் இது இருக்கும். ஆனால் தேநீர்க் கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் இது வீட்டிலிருந்து கொண்டுவந்து கூட்டாளிகளோடு பகிர்ந்துகொள்வது. யாராவது உங்களிடம் நீட்டினால் அது உண்மையான அன்பு. குழலைத் துடைக்கவோ கலக்கவோ கூடாது. குடித்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி என்று சொன்னால் இனி வேண்டாம் என்று பொருள். எனக்கு அது தெரியாமல், முதல் மாதம் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி, ஒரு மடக்குக்கு மேல் கிடைக்கவில்லையே என்று எண்ணியிருந்தேன்.

சரண்டித் தெருவின் நடுவே மாத்ரிஸ் சதுக்கம் வரும். ஒரு பக்கம் 1804இல் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயம், எதிர்ப்பக்கம் அதே ஆண்டில் கட்டத் தொடங்கிய காபில்தோ என்ற பழைய நகர மன்றம். 1830 ஜூலை 18 அன்று இந்நாட்டின் முதல் அரசியலமைப்புக்கு மக்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டது இந்தச் சதுக்கத்தில்தான். நகரின் முதன்மைச் சாலைக்கு ஜூலை 18 என்று பெயர் வந்ததும் அதனால்தான். நடுவிலுள்ள நீரூற்று, ஊருக்குக் குழாய்நீர் வந்ததைக் கொண்டாடி 1871இல் வைத்தது. மரநிழலில் பெஞ்சுகள் உண்டு. பழம்பொருள் விற்பவர்கள் விரிப்பில் வெள்ளிக் கரண்டிகளையும் பழைய மாத்தே குடுக்கைகளையும் பரப்பியிருப்பார்கள். அப்பா இங்கே அரை மணி நேரம் உட்காரட்டும். அருகிலுள்ள இத்துசைங்கோ தெருவில் 1877இல் தொடங்கிய பிரசிலெரோ காப்பிக்கடை இருக்கிறது. இருண்ட மரப்பலகைச் சுவர்களும் சிறு மேசைகளும் கொண்ட அந்தக் கடையில் காலைக் காப்பி குடிப்பதற்காகவே நான் பல நாள் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன்.

அங்கிருந்து சில நூறடி நடந்தால் ஒரு கல் வாயில் தனியாக நிற்கும். ஊரைச் சுற்றியிருந்த மதில்களை 1829இல் இடிக்கத் தொடங்கியபின், அந்தக் கோட்டையில் எஞ்சியது இந்த வாயில் ஒன்றே. அதைக் கடந்தால் விடுதலைச் சதுக்கம். எதிரே, வலக்கோடியில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்பது சால்வோ மாளிகை. துணி வணிகத்தில் செல்வம் சேர்த்த சால்வோ சகோதரர்களுக்காக இத்தாலியக் கட்டடக் கலைஞர் மாரியோ பலான்டி வடிவமைத்து, 1928இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம். நீங்கள் புவெனஸ் ஐரிஸில் பரோலோ மாளிகையைப் பார்த்திருந்தால் இதன் முகச்சாயல் உடனே பிடிபடும், ஏனென்றால் அதையும் அவரே கட்டினார். அழகா அவலட்சணமா என்று இந்த ஊர்க்காரர்களே இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கு அது மிகவும் பிடிக்கும், குறிப்பாக மழை மேகம் அதன் உச்சிக் கோபுரங்களைத் தொடும்போது. அது எழும்புவதற்கு முன் அதே மனையில் லா ஹிரால்டா என்ற காப்பிக்கடை இருந்தது. கட்டடக் கலை மாணவராக இருந்த ஹெரார்டோ மாத்தோஸ் ரொட்ரிகஸ் எழுதிய லா கும்பர்சிதா என்ற டாங்கோ இசை, 1917இல் அங்கேதான் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. டாங்கோ அர்ஜென்டினாவுக்கு மட்டும் உரியது என்று புவெனஸ் ஐரிஸில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உலகில் மிக அதிகம் அறியப்பட்ட டாங்கோ மெட்டு எதிர்க்கரையில் பிறந்தது என்பதில் இவர்களுக்கு இருக்கும் பெருமையும் நியாயமானதே. 1998இல் சட்டம் இயற்றி அதை நாட்டின் பண்பாட்டுப் பாடலாகவே அறிவித்தார்கள்.

சதுக்கத்தின் நடுவில் குதிரைமேல் இருப்பவர் ஹோசே ஆர்டிகாஸ், இந்நாட்டின் விடுதலை வீரர். சிலைக்கு அடியில் படியிறங்கிச் சென்றால் அவருடைய சாம்பல் வைக்கப்பட்டிருக்கும் கருங்கல் மண்டபம் இருக்கிறது. மங்கிய ஒளியில் இரண்டு காவல் வீரர்கள் அசையாமல் நிற்பார்கள். சுவரில் ஆண்டுகளும் நிகழ்ச்சிகளும் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும், அவர் சொன்ன ஒரு சொல்கூட இருக்காது. மண்டபம் 1977இல், இராணுவ ஆட்சியின்போது கட்டப்பட்டது. மக்களாட்சியைப் பற்றியும் ஏழைகளுக்கு நிலம் கொடுப்பதைப் பற்றியும் பேசிய ஒருவரின் வாசகங்களில் எதைப் பொறித்தாலும் அந்த ஆட்சியையே அது குத்தியிருக்கும். 1820இல் தோற்றுப் பராகுவே சென்றவர், 1850இல் இறக்கும்வரை முப்பதாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். அவரைத் தந்தை என்று கொண்டாடும் நாட்டுக்கு அவர் உயிரோடு திரும்பவே இல்லை. நான் ஊரில் இருந்த காலத்தில் வருத்தமான நாட்களில் இந்த மண்டபத்துக்கு வந்து நிற்பேன். அந்த வெறுஞ்சுவர்களைப் போல என்னைத் தொட்ட நினைவுச் சின்னம் வேறில்லை. படிகள் அப்பாவுக்குச் சிரமம் என்றால், அவரைப் பனைமர நிழலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கிவாருங்கள்.

இப்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். இங்கிருந்து வாடகைக் காரில் ஏறி சென்டினாரியோ விளையாட்டரங்கத்துக்குப் போங்கள். கால் மணி நேரப் பயணம். மீட்டர் போட்டு ஓட்டும் வாடகைக் கார்களும் உண்டு, ஊபரும் உண்டு. முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி 1930இல் நடந்த இடம் இது. அரசியலமைப்பின் நூற்றாண்டு நாளான ஜூலை 18 அன்று, சிமென்ட் முழுதாக உலர்வதற்குள் அரங்கத்தைத் திறந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யுகோஸ்லாவியா என்ற நான்கு நாடுகள் மட்டுமே வந்தன. இவற்றில் முதல் மூன்று அணிகளும், கோப்பையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்த ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமேயும், கோன்டே வெர்டே என்ற ஒரே பயணிகள் கப்பலில் இரண்டு வாரம் பயணம் செய்தார்கள். ஆட்டக்காரர்கள் கப்பல் தளத்திலேயே ஓடிப் பயிற்சி எடுத்தார்கள். வழியில் ரியோவில் பிரேசில் அணியும் ஏறிக்கொண்டது. ஜூலை 4 அன்று அவர்கள் வந்து இறங்கியது இன்று காலை உங்கள் மகன் இறங்கிய இதே துறைமுகத்தில்தான்.

இறுதி ஆட்டம் ஜூலை 30 அன்று அண்டை நாடான அர்ஜென்டினாவோடு நடந்தது. யாருடைய பந்தால் ஆடுவது என்பதில் தகராறு வந்து, முதல் பாதியை அர்ஜென்டினாவின் பந்தாலும் இரண்டாம் பாதியை உருகுவேயின் பந்தாலும் ஆடினார்கள். முதல் பாதி முடிவில் 2–1 என்று அர்ஜென்டினா முன்னிலை. ஆட்ட முடிவில் 4–2 என்று உருகுவே வென்றது. நான்காவது கோலை அடித்த எக்டர் காஸ்ட்ரோ, சிறுவயதில் இயந்திர வாளில் ஒரு முன்கையை இழந்தவர். பார்வையாளர் மாடத்தின் அடியில் உள்ள கால்பந்து அருங்காட்சியகத்தில் இந்தக் காலத்துச் சட்டைகளும் கோப்பைகளும் படங்களும் இருக்கின்றன. ஆட்டம் நடக்கும் நாட்களில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். 2030 உலகக் கோப்பையின் நூற்றாண்டு ஆட்டம் ஒன்று உருகுவேக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் சீரமைப்பு வேலைகளும் குறுக்கிடலாம். ஆகவே முதல் நாளே இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருந்தாலும் வெளியே நின்று அரங்கத்தின் கோபுரத்தைப் பார்க்கவாவது பையனை அழைத்துப் போங்கள் என்பேன். அப்பாவும் அம்மாவும் வர விரும்பாவிட்டால் சரண்டித் தெருவில் காப்பிக்கடையில் இருக்கலாம். பெரியவர்கள் ஒரு காப்பியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் இந்த ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

திரும்பும்போது ஓட்டுநரிடம் ராம்ப்லா வழியாகப் போகச் சொல்லுங்கள். ஆற்றை ஒட்டி இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கரையோரச் சாலை அது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, அலையும் உண்டு, உப்புக் காற்றும் உண்டு; இருந்தாலும் அதைக் கடல் என்று சொல்லாமல் ஆறு என்றே சொல்வார்கள். ரியோ டி லா பிளாட்டா, வெள்ளி ஆறு என்று பெயர். நிறம் பால் விட்ட தேநீர். வழியில் பாரியோ சுர், பலெர்மோ என்ற பகுதிகளைக் கடப்பீர்கள். 1791இல் ஸ்பானிய அரசு மொண்டேவிடியோவை இந்த ஆற்றுப் பகுதியில் அடிமைகளை இறக்கும் துறைமுகமாக ஆக்கியது. அப்படிக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இந்தத் தெருக்களில்தான் கன்டோம்பே முழக்கத்தை வளர்த்தார்கள். சிக்கோ, ரெபிகே, பியானோ என்று மூன்று முரசுகள். அடிப்பதற்குமுன் தெருவோரத்தில் தாளையும் குச்சிகளையும் கொளுத்தி, நம் பறையைக் காய்ச்சுவது போலவே தோலைத் தீயில் காட்டி இறுக்குவார்கள். 2009இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தது. முரசுக் குழுக்கள் பெரும்பாலும் மாலை மங்கியபின்பே கிளம்பும் என்பதால் உங்கள் கப்பல் அதற்குள் போய்விடும். அதற்கு ஈடாகச் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கார்னிவல் அருங்காட்சியகத்தில் முரசுகளையும் உடைகளையும் பார்க்கலாம்.

ஒன்றரை மணி வாக்கில் சந்தைக்குள் நுழையுங்கள். இங்கிலாந்தின் லிவர்பூலில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து பூட்டி, 1868இல் திறந்த சந்தை இது. முன்பு காய்கறியும் இறைச்சியும் விற்றார்கள். இப்போது முழுக்க முழுக்க உணவகங்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரு பாரிஷா, அதாவது தணல் அடுப்பு, இருக்கும். அதன் அமைப்பை அருகில் நின்று பாருங்கள். ஓரத்தில் ஓர் இரும்புக் கூடையில் விறகு எரியும். விறகு வெந்து தணலாக உதிர்ந்ததும், அடுப்புக்காரர் நீண்ட கம்பியால் அதை இழுத்துக் கம்பிவலையின் கீழே பரப்புவார். கம்பிவலை தன் பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து சாய்ந்திருக்கும். விரைவில் வேகவேண்டியது கீழே, பொறுமையாக வேகவேண்டியது மேலே. சுவாலை இறைச்சியைத் தொடவே கூடாது என்பது விதி. மேசையைவிட அடுப்புக்கு முன்னாலுள்ள உயர்நாற்காலியில் உட்கார்ந்தால் இந்த வேலை முழுவதையும் பார்க்கலாம். இறைச்சி உண்பவர்கள் ஆசாடோ டி தீரா என்ற விலா எலும்புத் துண்டைக் கேளுங்கள். சந்தையில் விலை ஊரின் மற்ற இடங்களைவிடக் கூடுதல்தான். வாசலில் நின்று அழைப்பவர்களின் பின்னால் போகாமல் உள்ளூர்க்காரர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து உட்காருங்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான், ஆனால் வழி இருக்கிறது. இந்த ஊரில் கார்னே என்றால் மாட்டிறைச்சி என்பதே பலருடைய நினைப்பு. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் கோழியோ பன்றித்தொடையோ போட்டுக் கொண்டுவருவார்கள். ஆகவே ஸின் கார்னே, ஸின் ஹமோன், ஸின் போஷோ என்று மூன்றையும் சொல்லவேண்டும். மாட்டிறைச்சி, பன்றித்தொடை, கோழி எதுவும் இல்லாமல் என்று பொருள். அடுப்பில் வாட்டிய பாலாடைக்கட்டியான ப்ரொவொலேட்டா பல கடைகளில் கிடைக்கும். அதே வலையில் இறைச்சியும் வேகும் என்பது அம்மாவுக்கு ஒவ்வாவிட்டால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அவருக்கு நான் சொல்வது ஃபைனா. கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். ஜெனோவாவிலிருந்து குடியேறிய இத்தாலியர்கள் கொண்டுவந்த பண்டம். நீர்க்கக் கரைத்த மாவைப் பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். மேலே பொன்னிறமாகத் தோல் கட்டி, உள்ளே மெத்தென்று வரும். வெள்ளை மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொள்ள வேண்டும். தட்டின் விளிம்போரத்தில் மெலிந்து மொறுமொறுவென்று இருக்கும் துண்டுக்கு ஒரிஷோ என்று பெயர். அதைக் கேட்டு வாங்குங்கள். அடையும் தோசையும் தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது. வெளிநாட்டில் முதல் குளிர்காலத்தை நான் கடந்ததே அதைத் தின்றுதான். ஃபைனா பீட்சா கடைகளில் கிடைக்கும், பாரிஷாக்களில் அரிது. சரண்டித் தெருவிலோ ஜூலை 18 சாலையிலோ பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இங்கே பீட்சா என்று மட்டும் கேட்டால் தக்காளிச் சாறு தடவியது மட்டுமே வரும், பாலாடைக்கட்டி வேண்டுமென்றால் முசரெஷா என்று கேட்க வேண்டும். பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிய துல்சே டி லேச்சே வைத்த அல்ஃபஹோர் பிஸ்கட்டுகளை ஊருக்கும் வாங்கிக்கொள்ளலாம்; சில வகைகளில் முட்டை சேர்வதால் அம்மாவுக்குக் கேட்டுக் கொடுங்கள்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய நகரத்தின் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தெருக்கள் வெறிச்சோடும். அன்று காலை என் வரிசையை மாற்றி, முதலில் வாடகைக் காரில் டிரிஸ்டான் நார்வஹா தெருச் சந்தைக்குப் போங்கள். பழைய புத்தகம், துருப்பிடித்த சாவி, பழக்குவியல் என்று பல தெருக்களுக்குப் பரவியிருக்கும் சந்தை அது. மதியம் தாண்டினால் கலைந்துவிடும். திங்கட்கிழமை என்றால் அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும்.

சாப்பிட்டு எழும்போது மூன்று மணி ஆகியிருக்கலாம். நேரம் மிஞ்சினால், சந்தையைச் சுற்றியுள்ள கடைகளில் கம்பளி ஆடைகளையும், வடக்கேயுள்ள ஆர்டிகாஸ் மாநிலத்திலிருந்து வரும் செவ்வந்திக் கற்களையும் பாருங்கள். இரண்டும் இந்த மண்ணுக்கே உரியவை. மூன்றே முக்காலுக்குத் துறைமுக வாயிலுக்குள் போய்விடுங்கள். அறைக்குப் போய்ப் படுத்துவிடாமல், ஐந்து மணிக்குக் கப்பலின் இடப்பக்க மேல்தளத்தில் வந்து நில்லுங்கள். வலப்பக்கம் விரிகுடாவின் அக்கரையில் கோட்டையைத் தலையில் சுமந்த செர்ரோ குன்று விலகிப்போகும். இடப்பக்கம் நீங்கள் காலையில் நடந்த தீபகற்பம் முழுவதும், சால்வோ மாளிகையின் கோபுரம் உட்பட, ஒரே பார்வையில் தெரியும். அலைதடுப்புச் சுவரின் நுனியில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது கையசைப்பார்கள். பதிலுக்கு உங்கள் பையனைக் கையசைக்கச் சொல்லுங்கள்.